உரக்கச் சொன்ன ஓட்டு

மகனுக்கு,

இங்கிலாந்து ராஜாவின் படையோடு கப்பலேறிய நீ ஹாலிஃபாக்ஸில் நலம் என்று கேள்விப்பட்டேன். இங்கே சுதந்திர நாட்டின் தேர்தல் முடிந்தது. நியூஜெர்சியின் புதிய சட்டப்படி சொத்துள்ள விதவை ஓட்டுப் போடலாம். கணவன் உள்ளவள் போட முடியாது.

ஓட்டெடுப்பு நடந்த விடுதி வாசலில், ஊருக்குப் புதிதாக வந்த கொல்லன் கேலி செய்தான். "என்னம்மா, வீட்டுக்காரரை அனுப்பக் கூடாதா?"

"அவர் கல்லறையில இருக்கார். ராஜாவோட குண்டு பட்டுப் போனார். அதனாலதான்டா எனக்கு ஓட்டு!"

சிரிப்பு அடங்கியது.

போட்டியிட்ட இருவரில் கோனோவர், ராஜா பக்கம் போனவர்களைத் திரும்ப விடவே கூடாது என்கிறார். வான்ஹார்ன், வரட்டும் என்கிறார். ஓட்டை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உன் அப்பாவோடு சேர்ந்து போரிட்டவர்கள் என் வாயையே பார்த்தார்கள்.

"வான்ஹார்ன்" என்றேன்.

"என்னது?" என்றார் அதிகாரி. சிறுவயதில் பள்ளியில் பழகிய திருத்தமான உச்சரிப்போடு இன்னும் உரக்கச் சொன்னேன்.

"அவர் செத்தது இதுக்குத்தானாம்மா?" என்று உன் அப்பாவின் நண்பர் டெர்க் கேட்டார். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

வான்ஹார்ன் ஜெயித்துவிட்டார். உனக்காகப் போட்டேன் என்று எண்ணாதே. அவர் பிழையில்லாமல் பேசுகிறார், அவ்வளவுதான்.

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வரும்போது காலணியைத் துடைத்துவிட்டு உள்ளே வா.

உன் தாய்