ஏத்தப் பாட்டுக்கு இரண்டு பதில்

மச்சான்,

இன்று காலை ரேஷன் கடை வரிசையில் நின்றபோது பக்கத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டீசல் வாடை அடித்ததும் உன் டிராக்டர் டேப் காதில் கேட்டது. பாடுகிறவரே இல்லாமல், மூன்று கிடாரை மட்டும் வைத்து வாசிக்கிற, நமக்குப் பிடித்த குழு.

வல்லத்திலிருந்து செஞ்சி கடலை மண்டிக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றி வருவோம். மேடு ஏறும்போது நீ போடுகிற பாட்டுக்கு நாமே வைத்த பேர் 'ஏத்தப் பாட்டு'. கேசட் அட்டையில் என்ன பேர் இருந்ததோ, இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாது. அதே பாட்டை அவர்கள் பிறகு இன்னொரு தரம் பதிவு செய்தார்கள். அதில் நடுவில் கிடார் சட்டென்று அடங்கி, கொஞ்சம் பொறுத்து, மெல்லத் திரும்பி வரும். எனக்கு அந்த அடங்கல்தான் உயிர். நீ டேப்பைத் தட்டுவாய்.

"இன்னா மச்சான் இது, நின்னுபோச்சு?"

"நிக்கல. மூச்சு வாங்குது."

"மேட்டுல வண்டி மூச்சு வாங்குறது போதும். பழைய கேசட்டப் போடு!"

என் தங்கையை நீ கட்டிக்கொண்ட வருஷம் தொடங்கிய சண்டை, நீ கண்ணை மூடும்வரை தீரவில்லை.

இப்போது அந்தக் குழுவினர் செஞ்சிக்கு வாசிக்க வருகிறார்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்று ரசிகர்கள் செல்போனில் அடித்துக்கொள்கிறார்கள். நான் பேசி அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. "பெருசு, எழுதி அனுப்பு" என்கிறார்கள். முதியோர் வகுப்பில் எழுதக் கற்றுக்கொண்டேன், மச்சான்! 'ஏத்தப் பாட்டு வேண்டும்' என்று எழுதினேன்.

"அப்படி ஒரு பாட்டே இல்லையே ஐயா."

விடுவேனா? வார்த்தையே இல்லாத பாட்டை எழுத்தில் எழுதினேன். 'டய்ங் டிடிடய்ங்.' குறிலா நெடிலா என்று வாய்க்குள் வாசித்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டேன். டீ ஆறிப்போனது. அடங்குகிற இடத்தில் வெறும் வரிகளாக விட்டேன். ஒருவர் "மீதி எங்கே?" என்றார். உன்னை மாதிரியே ஒரு ஆள்! பிறகு ஒரு பெண் எழுதினாள்: "தெரிஞ்சுபோச்சு தாத்தா! பழைய பதிவா, புதுசா?"

"எனக்குப் புதுசு. பழசுக்கும் நான்தான் பேசணும். அந்தக் கட்சிக்காரர் இப்ப இல்ல."

பாட்டு பட்டியலில் சேர்ந்துவிட்டது. எந்தப் பதிவு மாதிரி வாசிப்பது என்ற சண்டைதான் ஓடுகிறது. தினமும் இரண்டு பதில் எழுதுகிறேன். முதலில் உன்னுடையது: 'வண்டிச் சத்தத்துக்கு மேல கேக்குதா பாரு, அதான் பாட்டு.' அதற்குக் கீழே என்னுடையது.

நீ சொன்னதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, மச்சான். ஆனால் உன் பக்கம் பேச ஆளில்லாமல் உன்னைத் தோற்க விடமாட்டேன்.