புகைக்குப் பூஜ்யம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மெத்தைக் கிடங்கு. ராத்திரி பற்றிய தீ. நான் போய்ச் சேர்ந்தபோது ஈரச் சாம்பல்தான் மிச்சம். முப்பத்தோரு வருடத்தில் இந்த மூக்கு முகர்ந்து தீர்ப்புச் சொன்ன தீ விபத்துகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் போய் இறங்கிக்கொள்ளலாம். எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மற்ற ஆய்வாளர்கள் சாம்பலை டப்பாவில் அடைத்து லேபுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் கொட்டாவி விடுவார்கள். என் டப்பாக்கள் மட்டும் போவதில்லை. நான் முகர்ந்து "எண்ணெய் இல்லை" என்றால் இல்லை. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். டப்பா என் அலமாரியில் ஞாபகார்த்தமாக உட்கார்ந்துகொள்ளும்.

இன்று பெட்ரோலும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. காவலாளி அறையில் ஒரு மின்சாரக் கெட்டில் வெந்து உருகிக் கிடந்தது. கதை முடிந்தது. ஆனால் அந்தக் காவலாளி விட்டானா? என் பின்னாலேயே வருகிறான். "ஐயா, தீப் புடிக்கறதுக்கு முன்னாடியே பெட்ரோல் நாத்தம் குடலைப் புடுங்கிச்சுங்க. இப்பவும் அந்த மூலையில அடிக்குதே" என்கிறான்.

எனக்கு வாசனை வகுப்பு! என்ன காலம் இது?

"ஏம்ப்பா, உன் மூக்கா, என் மூக்கா?" என்று கேட்டேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரணம்: கெட்டில். எழுதிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 5, வியாழன்

இவள் சமைக்க மறந்துவிட்டாள். போன மாதக் காய்ச்சலில் இருந்து எழுந்த பிறகு எனக்குப் பத்தியச் சாப்பாடு போடுகிறாள் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தியமே இல்லையாம், அவளும் அதையேதான் சாப்பிடுகிறாளாம். இருபத்தெட்டு வருட இல்லறத்தின் முடிவில் சுண்ணாம்புக் கரைசல்.

"உப்பு போட்டாச்சு, மிளகு போட்டாச்சு. இனிமே என்னைத்தான் வெட்டிப் போடணும்" என்றாள்.

யோசனையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா மகள் வீட்டில் ஒரு மகாசபை. அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். எங்களுக்கு என்றும் பாப்பா. அவள் புருஷனுக்கு, அதாவது நம் மாப்பிள்ளைக்கு, புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது: புகைவாடை அடிக்கும் ஸ்காட்ச் விஸ்கி. ஞாயிறு நாலு மணிக்குப் பல் டாக்டர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து ருசித்துப் புகைக்குப் பத்துக்கு மார்க் போடுகிறார்கள். "மாமா, நாங்க கத்துக்குட்டிங்க. உங்க மூக்கு வந்தாத்தான் சபை களைகட்டும்" என்று கெஞ்சினார். எழுந்தருளினேன்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, வயிறு பெருத்து வாய் குறுகிய கிளாஸ்கள். அவற்றுக்கும் பல் டாக்டருக்கும் ஒரே உடல்வாகு. மாப்பிள்ளை படித்தது கம்ப்யூட்டர்; பேசுவதெல்லாம் பாசி. சதுப்பு நிலத்தில் ஆயிரம் வருடமாக மக்கிக் கிடந்த பாசியை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். அந்தப் புகை பாட்டில் வரைக்கும் வருமாம். சேற்றைக் கொளுத்திக் குடிப்பதற்கு ஒரு தேசமே இருக்கிறது.

மூன்று பாட்டில்கள். லேசானதில் ஆரம்பித்துக் காட்டமானதற்குப் போகவேண்டுமாம். காட்டமானது முதலில் போனால் நாக்கு மரத்துப்போகுமாம். பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே ஞானஸ்நானம் செய்துவைத்தேன். முதலாவது சாது. அடுத்தது கம்பவுண்டர், ஏனென்றால் அதை முகர்ந்ததும் டாக்டர் "அப்படியே என் கிளினிக்!" என்று கண் சொருகினார். மூன்றாவது கரிமூட்டம்.

மாப்பிள்ளை கம்பவுண்டரில் மூக்கை விட்டு, "கடற்பாசி... ஈரக் கட்டுத்துணி..." என்றார். டாக்டர், "பழைய படகு" என்றார்.

பழைய படகை எவன் நக்கினான்?

நான் முகர்ந்தேன், விழுங்கினேன். தொண்டை எரிந்தது, நாக்கில் கொஞ்சம் தித்திப்பு. சூடான சர்க்கரைத் தண்ணீர். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் விரியும் என்றார்கள். விட்டேன். தண்ணீர்தான் விரிந்தது. சாதுவுக்குப் பூஜ்யம். கம்பவுண்டருக்குப் பூஜ்யம். கரிமூட்டத்துக்கு அரை, அதுவும் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து இரக்கத்தில் போட்டது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "முப்பத்தோரு வருஷம் நிஜப் புகையில நின்ன மூக்குடா. அதுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?" என்றார் டாக்டர், பயபக்தியுடன்.

உண்மை சொன்னவனுக்கு இவ்வளவு மரியாதையா! சந்தேகமே இல்லை, பாக்கி உலகம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

இன்றும் சுண்ணாம்புக் கரைசல்.

மார்ச் 12, வியாழன்

மாப்பிள்ளை போனில். என் அரை மார்க்கை நினைத்து அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். கடைக்காரரிடம் "எங்க மாமாவுக்குப் பத்தற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டாராம். கடைக்காரர் இருபது வருடம் பழுத்த ஒன்றைக் காட்டினாராம். ஆனால் வயசாக ஆகப் புகை அடங்கிவிடுமாம், சின்ன வயசுப் பயல்களில்தான் துள்ளுமாம். அதனால் ஐந்து வயசுப் பயலாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

ஆபீஸில் ஒரு செய்தி. கெட்டில் காவலாளியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். சரிதான். கெட்டிலை அணைக்கத் தெரியாதவன், ஊரான் மூக்குக்கு வாத்தியார் வேலை பார்த்தான்.

மார்ச் 15, ஞாயிறு

ஐந்து வயசுப் பயல் ஒரு கறுப்பு டப்பாவுக்குள் வந்தான். மாப்பிள்ளை மூடியைத் திருகியதும் சமையலறையிலிருந்து பாப்பா ஓடிவந்தாள்: "என்னங்க கருகுது?" டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க வீட்ல ஒயர் ஏதாவது எரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாடகக் கம்பெனி தோற்றது! எல்லோரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு எனக்காக நடிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

"இதுக்கு மேல புகை போட்டு எவனும் விஸ்கி காய்ச்சினதில்ல மாமா."

எடுத்தேன். முகர்ந்தேன். வாய் நிறைய வைத்துக் கூரையைப் பார்த்தேன்.

"பூஜ்யம்."

டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். "சார், நீங்க மனுஷனே இல்ல."

"இருக்கற சரக்கெல்லாம் மாமாவுக்கு மோர்த்தண்ணி" என்று மாப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டார். இருவருமாகச் சேர்ந்து தங்கள் மார்க்கையும் அடித்துத் திருத்தினார்கள்: எட்டு ஆறாயிற்று, ஒன்பது ஐந்தாயிற்று. என் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் எட்டுப் போட வெட்கமாம். நல்ல வேலை. ஒரு மனிதன் வாயைத் திறந்து உண்மை பேசினால் ஒரு சதுப்பு நிலமே சரிகிறது.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கிளாஸை எடுத்து முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள். அப்புறம் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சைத் தாள் பார்ப்பதுபோல.

மார்ச் 17, செவ்வாய்

இவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் சமையலறை மேசையில் ஸ்காட்லாந்து தேசத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று படி அதிர இறங்கிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, பால் தீய்ஞ்சு மொட்டை மாடி வரைக்கும் நாறுது! மூணடி தள்ளி உக்காந்து என்னதான் பண்றீங்க?"

சிந்தனையில் ஆழ்ந்திருந்தேன் என்றேன். பெரிய மனிதர்களுக்கு நடப்பதுதான்.

— பாத்திரம் அடியில் கறுப்பு. கையில் எடுத்துப் பார்த்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. ஏன் கொண்டுபோகவில்லை?

மார்ச் 22, ஞாயிறு

சபைக்கு ஒரு மணிநேரம் முன்னாலேயே வரச்சொல்லியிருந்தாள் பாப்பா. "மாமா, ஒரு விளையாட்டு" என்று துண்டால் என் கண்ணைக் கட்டினாள். "நான் ஒவ்வொண்ணா மூக்குகிட்டக் காட்டுவேன், என்னன்னு சொல்லணும்."

"மெத்தைக் கிடங்கையே முகர்ந்து தீர்ப்புச் சொன்னவன்டீ நான்."

உட்கார்ந்தேன். மின்விசிறி சுற்றியது. அவள் வளையல் சத்தம் கேட்டது. அடங்கியது. மறுபடி கேட்டது. எனக்குப் பொறுமை போயிற்று.

"எப்பதான் ஆரம்பிப்ப?"

வளையல் மறுபடி அடங்கியது. அப்புறம் மெதுவாக: "முடிஞ்சுடுச்சு மாமா."

கட்டை அவிழ்த்தேன். மேசைமேல் அப்போதுதான் ஊதி அணைத்த தீக்குச்சி, இன்னும் நூல்போலப் புகை விட்டுக்கொண்டு. ஒரு கிண்ணம் காபிப் பொடி. கறுப்பு டப்பாப் பயல், ஒரு கிளாஸ் நிறைய.

"காய்ச்சலுக்கு அப்புறமா மாமா?"

மாப்பிள்ளையும் டாக்டரும் வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

அப்ப பால். அப்ப இவ சமையல். இவ ஒழுங்காத்தான் சமைச்சிருக்கா, நான்தான்—

எல்லாம் போகட்டும். அந்தக் கிடங்கு? காய்ச்சல் முடிஞ்சு நான் போன முதல் தீ அது. அதுக்கப்புறம் வேற எதுவும் வரல, அது ஒண்ணுதான். அந்த மூலையில நின்னு இழுத்து இழுத்து முகர்ந்தேனே! ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்லன்னா பெட்ரோல் இல்லன்னு அர்த்தமா? சாம்பலே நாறலையேடா முட்டாள். நாலு லாரி மெத்தை எரிஞ்ச இடம், ஈரச் சாம்பல், அதுவே நாறலையே. உனக்கு உறைக்க வேண்டாமா?

உறைக்கல. "உன் மூக்கா, என் மூக்கா"ன்னு கேட்டேன். சிரிச்சேன்.

இவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒரு மாசமா உங்களுக்காக உப்பை அள்ளிப் போட்டு என் நாக்கு செத்துப்போச்சுங்க" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வாட்ச்மேன் என்ன ஆனான்?" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

டப்பா இருக்கிறது. அலமாரியில், அந்த மூலையில் எடுத்த கருகிய பஞ்சு, இறுக்கி மூடியபடி. ஞாபகார்த்தம்!

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஃபைலை மூடியாச்சு சார். இதைக் கிளறினா முப்பத்தோரு வருஷப் பேரு போயிடும். ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

நியாயம்தான். யாருக்கும் தெரியாது. மூக்கை அடகுக்கடையில் வைத்திருந்தால் அல்லவா தெரியும்? முகத்தில்தானே இருக்கிறது, அழகாக, பெரிசாக, ஒரு பிரயோசனமும் இல்லாமல்.

டப்பாவை நானே லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். லேப் அம்மா மூடியை அரைச் சுற்றுத் திருகியதும் தலையைத் திருப்பிக்கொண்டார். "இதுக்கு மெஷினே வேண்டாம் சார். பெட்ரோல்." அப்புறம் என்னைப் பார்த்தார். "நீங்களா சார் இதை இல்லைன்னு எழுதினீங்க?"

மார்ச் 27, வெள்ளி

மெஷினும் அதையேதான் சொல்லிற்று. என் அறிக்கையை நானே திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினேன்: கெட்டில் காரணமல்ல, ஆய்வாளரின் மூக்கு பழுது. யார் ஊற்றியது என்பது போலீஸ் பாடு. இனி என்னைத் தீ நடந்த இடத்துக்கு அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. நாற்காலியும் ஃபைலும்தான். இனி எவர் மூக்குக்கும் விலக்கு இல்லை, எல்லோருடைய டப்பாவும் லேபுக்குப் போகும். அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

காது மூக்கு டாக்டர்: "வரலாம், வராமலும் போகலாம். தினமும் நாலு வாசனையை முகர்ந்து பழகுங்க." படிப்பை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அந்தக் காவலாளியைக் கண்டுபிடித்தேன். ஒரு துணிக்கடைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கிறார். பேசுவதற்குப் போனவனிடம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

"வண்டி இல்லை. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அப்ப சீட்டைக் குடுத்துடுங்க. கணக்கு வரணும்."

திருத்திய அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். தம் பேர் வரும் இடத்தை இரண்டு முறை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பழைய வேலையைத் திரும்பத் தருகிறார்கள் என்றேன். வேண்டாமாம்.

காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். மூக்கு போனதே தெரியாமல் இருந்ததைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், கேட்பவன் கண் கலங்கும்படி. அவர் கண் கலங்கவில்லை.

"மூக்கு போனது உங்க தப்பில்லைங்க. காது இருந்துச்சே."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. கிராம்பு, எலுமிச்சை, காபி, சோப்பு. நாலும் பூஜ்யம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பாப்பா வந்து கையோடு இழுத்துப் போய்விட்டாள். மாப்பிள்ளையும் டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள், இவர்கள்தான் என் மூக்கைத் திருடியவர்கள்போல. மார்க் நோட்டைக் கேட்டு வாங்கி அவர்கள் அடித்துத் திருத்திய மார்க்கையெல்லாம் பழையபடி போடச் சொன்னேன். கறுப்பு டப்பாப் பயலுக்கு மறுபடியும் எட்டு, ஒன்பது.

புதிதாக ஒரு பாட்டில். மாப்பிள்ளை பழக்கத்தில் எனக்கும் ஊற்றப் போனார். வேண்டாமென்று பேனாவை எடுத்துக்கொண்டேன். அவர் முகர்ந்து, "ஈர மண்ணு... அணைஞ்ச அடுப்பு" என்றார். எழுதினேன். டாக்டர் நெடுநேரம் மூக்கை உள்ளே விட்டிருந்துவிட்டு, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கி, "பழைய படகு" என்றார்.

"எவ்வளவு பழசு டாக்டர்?" என்று கேட்டேன்.

கேலி செய்கிறேனோ என்று பார்த்தார். நான் தாளில் பேனாவை வைத்தபடி காத்திருந்தேன்.

"தார் பூசினது" என்றார். "கரையில இழுத்துப்போட்டு ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்."

ரெண்டு வருஷம் என்று எழுதிக்கொண்டேன்.