பையில் இருந்த பாதி

மாப்ளே,

நேற்று சாயங்காலம் உன் மனைவி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மஞ்சள் பையை நீட்டினார். பிரிப்பதற்கு முன்பே வாசனை சொல்லிவிட்டது. பழைய காகிதமும் கரித்தூளும். நம் ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் முன்பாதி.

அப்போது நாம் இரண்டு பேரும் காண்ட்ராக்ட் ஆட்கள். நிலக்கரிச் சுரங்கத்தில், கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிறதை அள்ளிப் போடுகிற வேலை. எழுத்தர் வேலை ஒன்று காலி, பெர்மனெண்ட், ஆங்கிலத்தில் பரீட்சை என்று கேள்விப்பட்டதும் இருவருமே எழுதிப் போட்டோம். கிடைத்த புத்தகம் ஒன்றே ஒன்று. நான் ஏ ஷிப்ட் என்றால் நீ பி ஷிப்ட். "வூட்ல குந்திக்கினு ரெண்டு பேரும் எப்பதான் படிக்கறது? கிழிச்சிடலாண்டா" என்று நடுவில் பிடித்துக் கிழித்தாய். வாரம் முடிந்து ஷிப்ட் மாறும் நாளில், இரண்டு மணிக்கு, நான் வெளியே வர நீ உள்ளே போக, கேட்டில் பாதிகளை மாற்றிக்கொள்வோம். ஒரு வேலைக்கு அடித்துக்கொள்ள வேண்டியவர்கள் ஒரே புத்தகத்தில் படிக்கிறார்களே என்று மந்தாரக்குப்பம் டீக்கடைக்காரர் சிரிப்பார்.

பின்பாதி முழுக்க 'கிளாஸ்', ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் குட்டி வாக்கியங்கள். மெயின் எது, சார்ந்து வருவது எது என்று நான் திணறியபோது நீதான் வழி சொன்னாய். "தனியா நின்னா மெயின், அது பெர்மனெண்ட்டு. 'சங்கு ஊதினப்போ'ன்னு மட்டும் சொல்லு. அப்புறம் இன்னா ஆச்சின்னு கேக்கத் தோணுதில்ல? அது நம்மள மாதிரி காண்ட்ராக்ட்டு. இன்னொண்ணப் புடிச்சிக்கினுதான் நிக்கும்."

அந்தப் பாதியின் கடைசிப் பக்கங்கள் நீ படிக்க பாக்கி இருந்தன. பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை கேட்டில் கை நீட்டினாய்.

"ரூம்லேயே வச்சிட்டேம்ல. நாளைக்குத் தாரேன்" என்றேன்.

என் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை ஒரு தரம் பார்த்தாய். "சரி வுடு" என்று உள்ளே போய்விட்டாய். அதற்கப்புறம் பரீட்சை நாள்வரை உன் கண்ணில் படாமல் வேறு கேட் வழியாகப் போய் வந்தேன். வாக்கியங்களைப் பிரித்து எழுதத்தான் நிறையக் கேட்டிருந்தார்கள். வேலை எனக்குக் கிடைத்தது. நீ கடைசிவரை காண்ட்ராக்ட்டாகவே இருந்து போய்விட்டாய்.

உன் மனைவி படியிறங்கும்போதுதான் திரும்பிச் சொன்னார். "'அவன் பையில கீற பாதியோட சேத்து வெச்சிக்கச் சொல்லு'ன்னாருங்க. எந்தப் பையின்னு கேட்டேன். சிரிச்சிக்கினு கண்ண மூடிக்கினாரு."

அப்படியானால் அன்றைக்கே பார்த்துவிட்டாய். பார்த்துவிட்டுத்தான் வருஷா வருஷம் என் பிள்ளைகளுக்குப் பலாச்சுளை சுமந்து வந்தாயா? அதைத்தான் தாங்க முடியவில்லை, மாப்ளே.

உன்னிடம் சொல்ல வேண்டியதை எத்தனையோ தடவை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்ததால், தங்கை கல்யாணம் நின்றுபோகும் என்பதால் என்று நீண்டுகொண்டே போகும். அதெல்லாம் காண்ட்ராக்ட். அடித்துவிட்டேன். தனியாக நிற்கிற ஒன்றுதான் என்னிடம் மிச்சம்.

அன்றைக்குப் புத்தகம் என் பையில்தான் இருந்தது.