விழுந்த இடத்தில் துலிப்

அம்மா,

சித்தி வீட்டில் குளிர் அதிகமா? இங்கே லிஸ்ஸேயில் இன்னும் உறைபனி விழவில்லை. நீ கோபித்துக்கொண்டு போன ஆகஸ்டுக்குப் பிறகு அப்பா நேற்றுதான் தோட்டத்தில் இறங்கினார். துலிப் கிழங்கு நட்டோம்.

வயலில் நடுவது போலவே வீட்டிலும் நூல் பிடித்து வரிசையாக நடுகிறவர், இந்த முறை கிழங்குகளை அள்ளிப் புல்லில் வீசினார்.

"விழுந்த இடத்துலயே குழி தோண்டுடி, பட்டதாரி. உங்கம்மா இருபது வருஷமா இதத்தான் கேட்டா."

வேலிக்கு அப்பால் கோபுஸ் மாமா சிரித்தார். "என்ன தைஸ், காலையிலயே ஊத்திக்கிட்டியா? வரிசை எங்கடா?"

"இது என் பொண்டாட்டி தோட்டம்டா. உன் வேலையப் பாரு."

உன்னைக் கூப்பிட அவருக்கு வாய் வராது. எனக்கும் வராததால்தான் எழுதுகிறேன். ஏப்ரலில் பூக்கும். படம் எடுத்து அனுப்ப மாட்டேன், அம்மா.

உன் மகள்