மூத்தார் நிரப்பிய தொட்டி

வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பிள்ளை குடியிருக்கும் மாடிக்குக் கீழே தேய்ப்புக் கடை வைத்திருப்பவள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் நலம். அங்கே நீங்களும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். போன மாதம் அவனுக்கு எழுதிய கடிதத்தோடு எனக்கும் நாலு வரி வைத்திருந்தீர்கள். சட்டையை மட்டுமல்ல, அவனையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அந்த உறையின் பின்னாலிருந்த முகவரியைப் பார்த்துத்தான் இதை அனுப்புகிறேன். அவனுக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள், அதையும் இரண்டு தடவை படித்தவள். பிழை இருந்தால் கசங்கின துணி என்று நினைத்து நீங்களே நீவிப் படித்துக்கொள்ளுங்கள்.

பையன் நன்றாக இருக்கிறான். கொஞ்சம் இளைத்திருக்கிறான், ஆனால் நோஞ்சான் இல்லை. காலை ஆறரைக்கு மாடியில் நாலு கால் சத்தம் கேட்டுவிடும், எனக்குக் கடிகாரமே வேண்டாம். பிறகு இரண்டு பேரும் சத்தம் போட்டு வேதம் வாசிப்பார்கள். ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பு வில்லை, ஆளுக்கொரு சைக்கிள். வில்லையில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று போட்டிருக்கிறதே, என்ன அர்த்தம் என்று கேட்டேன். பெரியவர் என்றான். பத்தொன்பது வயசுக்கே பெரியவர்னா, நாற்பத்தெட்டு வயசுக்காரி நான் என்ன, போய்ச் சேர்ந்தவளா என்றேன். அன்றிலிருந்து அவன் எனக்குக் குட்டிப் பெரியவர். கூட இருக்கிற நெட்டையன், தமிழில் பத்து வார்த்தை தெரிந்தவன், கொக்கு. ஒருவனை விட்டு ஒருவன் பிரியக்கூடாதாம், மார்மன் சபை விதி. கொக்கு பல் பிடுங்கப் போனான், உங்கள் பிள்ளை பக்கத்தில் நின்று வாயைத் திறந்துகொண்டிருந்தான். தாலி கட்டின நாங்களே இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்ததில்லை.

வந்த புதிதில் என்னைச் சகோதரி என்றான், என் வீட்டுக்காரரைச் சகோதரர் என்றான். அப்போ எங்க கல்யாணம் செல்லாதாடா என்று கேட்டதும் முகம் சிவந்து, அத்தை என்று மாற்றிக்கொண்டான். டீயும் தொடமாட்டான், காப்பியும் தொடமாட்டான். வெந்நீர் குடித்துவிட்டு நன்றி சொல்லும் விருந்தாளியை இப்போதுதான் பார்க்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு அதுவும் கிடையாது, பட்டினி. அவன் கால்சட்டையை நான் தேய்க்கவே வேண்டாம். முழங்கால் இரண்டும் மண்டியிட்டு மண்டியிட்டுத் தானாகவே பளபளக்கிறது. பதினான்கு மாதமாக ஊழியம் என்று தெருத் தெருவாகப் போகிறான். இவன் முகத்துக்கு நேரே சாத்தின கதவுகளைக் கழற்றி அடுக்கினால் ஒரு ஊரே கட்டலாம். ஒரு ஆள்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒருத்தர் மாட்டினார். வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

அவருக்குத் திக்குவாய், அக்கா. ஒரு வாக்கியம் முடிக்க அரை மணி என்று நானே கேலி செய்வேன். அவருடைய அண்ணன், என் மூத்தார், மரவாடி வைத்திருக்கிறார். இவர் அங்கே அறுவை மெஷினில் வேலை. சின்ன வயதிலிருந்து இவர் வாயைத் திறந்தால் மீதியை அண்ணன்தான் முடிப்பார். உங்கள் பிள்ளை மட்டும் இவர் பேசினால் கையைக் கட்டிக்கொண்டு கடைசி எழுத்து விழும்வரை காத்திருப்பான். எங்களுக்குக் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் யாரும் காத்திருந்ததில்லை, நான் உட்பட. மனுஷன் சாய்ந்துவிட்டார்.

சபையில் இன்னொரு விதி. பெண்டாட்டி சம்மதம் இல்லாமல் புருஷனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்களாம். உங்கள் பிள்ளை முகத்தைக் கழுவித் தலை சீவிக்கொண்டு வந்து கேட்டான். இவரைத் தண்ணிக்குள்ள முக்கறதுக்கு என்கிட்ட எதுக்குப்பா அனுமதி, நல்லா சோப்புப் போட்டு முக்குங்க என்று சிரித்தேன். எனக்கு விளையாட்டு. அவன் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டு, கண் கலங்கி, நன்றி அத்தை என்றான். அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

இவர்கள் முறையில் தலையில் தெளித்தால் போதாது. ஆள் முழுதாக முங்க வேண்டும். ஒரு கால்விரல் வெளியே தெரிந்தாலும் மறுபடி முக்க வேண்டும், இரண்டு சாட்சி நின்று பார்ப்பார்கள். சபை நடக்கும் வாடகைக் கூடத்தில் தொட்டி கிடையாது, ஆற்றில் கணுக்கால் தண்ணீர். எங்கே முக்குவது என்று இவர்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது மூத்தாரிடமிருந்து ஆள் வந்தது. மரவாடியில் மரம் ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி இருக்கிறது, கழுவி நல்ல தண்ணீர் பிடித்து வைக்கிறேன், சனிக்கிழமை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று.

போன மாதம் இதே மூத்தார் நடுத்தெருவில் நின்று, தம்பியைக் கெடுத்த பயல்களின் காலை முறிக்கிறேன் என்று கத்தினவர். உங்கள் பிள்ளை, கர்த்தர் அவர் மனதைத் திருப்பிவிட்டார் என்று குதிக்கிறான். மூத்தார் கத்தும்போது எனக்குப் பயமே கிடையாது அக்கா, கத்தி முடித்தால் தூங்கிவிடுவார். அவர் கைகூப்பினால்தான் எனக்குப் பயம். எட்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரர் எல்லைத் தகராறு பேச மரவாடிக்குப் போனார். வாங்க வாங்க என்று கும்பிட்டு உள்ளே கூட்டிப்போனார் மூத்தார். திரும்பும்போது அந்த ஆளைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மரம் உருண்டுவிட்டதாம். அந்த மரவாடியில் மரம் ஆள் பார்த்துத்தான் உருளும்.

திங்கட்கிழமை மூத்தார் என் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கும்பிட்டார். ஏம்மா சௌக்கியமா என்றார். பையன்கள் எத்தனை மணிக்கு வருவார்கள், எந்த வழியாக வருவார்கள், சபையிலிருந்து வேறு யார் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலு பேருக்கு மேல வேண்டாம், இடம் பத்தாது என்றார். கடைசியில், நீ வராதம்மா, ஈரத்துல வழுக்கும் என்றார். என் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. ஒரு சட்டை முதுகு கருகிப்போனது, பயப்படாதீர்கள், உங்கள் பிள்ளையுடையது இல்லை.

நேற்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். சனிக்கிழமை வேலையாட்களுக்கெல்லாம் அண்ணன் லீவு கொடுத்துவிட்டாராம், வாட்ச்மேனுக்கும்கூட. தொட்டிக்கு மேல்பக்கச் சரிவில் இரண்டு நாளாக உருட்டு மரம் அடுக்குகிறார்களாம். அங்கே ஒருநாளும் அடுக்கினதில்லை. இவர் அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னார். அண்ணன் என் தோள்ல கை போட்டாரு என்றார். அந்த ஐந்து வார்த்தையும் திக்காமல் வந்தது. இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

நேற்றே உங்கள் பிள்ளையிடம் சொன்னேன். நிலத்துக்காரர் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். மனுஷன் மாறமாட்டான்னு நெனச்சா நான் வீட்டைவிட்டே கிளம்பியிருக்கக் கூடாது அத்தை என்றான். சபைத் தலைவரிடம் சொல்லலாம் என்றால், அவர் மூத்தாரையே நேரில் கேட்பார், மூத்தார் கும்பிடுவார், முடிந்தது. இவன் இன்னும் ஒரு படி மேலே போய், மனத்தாங்கலைத் தீர்க்கிறேன் என்று அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவான்.

மிச்சம் இருப்பது என் வாய்தான். நாளைக்குச் சபைத் தலைவர் கடைக்கே வந்து என் சம்மதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறார். இல்லை என்று சொல்லப்போகிறேன். பயம் என்று சொல்லமாட்டேன். இஷ்டமில்லை என்று மட்டும். இன்னும் இரண்டு வாரத்தில் இவர்களுக்கு ஊர் மாற்றல் வருமாம். அதுவரை தள்ளினால் போதும். பிறகு என் வீட்டுக்காரர் ஏழு கடலில் வேண்டுமானாலும் முங்கி எழட்டும், நானே துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம்

சொல்லிவிட்டேன், அக்கா.

முன்னாடி சொன்னது விளையாட்டுக்குங்க, என் புருஷன் மாறுறது எனக்குப் பிடிக்கல என்றேன். தலைவர் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். கொக்குகூடப் புரிந்துகொண்டு தலையைக் குனிந்தான். உங்கள் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. முந்தாநாள் நான் பயமுறுத்தியதும் இதற்குத்தான் போல என்று நினைத்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. போகும்போது, உங்க முடிவை மதிக்கிறோம் சகோதரி என்றான். அத்தை போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். முதல் எழுத்திலேயே நின்றது. இந்தத் தடவை நான் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். அவர் முடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

இத்தோடு தொலைந்தது என்று நிமிர்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து உங்கள் பிள்ளை படியிறங்கி வந்தான். நாளைக் காலை பத்து மணிக்கு மரவாடிக்குப் போய் மூத்தாருக்கு நன்றி சொல்லிவிட்டு வரப்போகிறார்களாம். வேண்டாம் என்றேன், அவர் கோபமாக இருப்பார் என்றேன். நமக்காகத் தண்ணி பிடிச்சு வெச்ச மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருக்கிறது மரியாதை இல்லையே என்றான். பிள்ளையை இவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்ல?

என் வீட்டுக்காரரிடம் உங்கள் அண்ணன் பக்தி போதும், நாளைக்குப் பையன்களோடு நீங்களும் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அதனால் நான் போகிறேன். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் நடந்து போவேன். ஒருவனை விட்டு ஒருவன் பிரியக்கூடாது என்ற விதி நாளைக்கு எனக்கும் சேர்த்துத்தான். அந்த மரவாடிக்குள் நான் கால் வைத்ததில்லை. வழுக்கும் என்றாரே, பார்க்கலாம். என் வாய்க்கு மூத்தார் கொஞ்சம் பயப்படுவார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டைத் தாண்டி உள்ளே விடமாட்டேன். நன்றியைக் கேட்டுக்கு வெளியே நின்றே சொல்லட்டும்.

இப்போதே இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன். உங்கள் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் ஒரு திங்கட்கிழமை வந்து போயிருக்கும். திங்கட்கிழமைதோறும் அவன் போனில் உங்களுக்கு எழுதுவானே, அன்றும் எழுதியிருப்பான். கீழ்வீட்டுக்காரி வாக்குத் தவறியவள், சிரித்துக் கழுத்தறுத்தவள், கல்நெஞ்சக்காரி என்று எழுதியிருந்தால், தாயே, அதை இரண்டு தடவை படியுங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவேண்டாம். ஆமாம் மகனே, பொல்லாதவள்தான் என்று நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். அவன் வேறு ஊர் போய்ச் சேரும்வரை காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளை என்னை வாய் வலிக்கத் திட்டட்டும், வருஷக்கணக்காகத் திட்டட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கீழ்வீட்டுக்காரி