வெள்ளைத் துணிக்கு நடுவே ஹாக்கி

ஜூலை 12, 2004. திங்கள்

காலை ஏழு மணிக்கே சுள்ளென்று வெயில். பழனிச்சாமி மாஸ்டர் முகத்தில் சிரிப்பு. எனக்கு வயிற்றெரிச்சல்.

அவர் பிளீச்சிங் மாஸ்டர். நான் கம்பெனி ஹாக்கி கோச். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இடம். வெளிநாட்டு பையர் வந்தால் முதலாளி 'எங்க ஹாக்கி கிரவுண்ட்' என்று பெருமையாகக் காட்டுவது உண்மையில் இவர் துணி காயப்போடும் களம். நீளவாக்கில் ஒன்பது வரிசைக் கம்பி. வெயில் அடித்தால் ஒன்பதிலும் ஈரத்துணி. வரிசைக்கு வரிசை எட்டடிச் சந்து. அதில்தான் காலைப் பயிற்சி. மழை பெய்தால் துணி இருக்காது, சேறு இருக்கும்.

இருப்பு: பந்து 7 (இரண்டில் விரிசல்). ஸ்டிக் 16, டேப் சுற்றாதது அதில் 4. டிரிப்ளிங்குக்கு நட்டு வைக்க, நூல் தீர்ந்த காலிக் கோன் எத்தனை வேண்டுமானாலும். திருப்பூரில் அதற்கா பஞ்சம்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். செல்வின், மணிகண்டன் இருவருக்கும் இந்த மாதத்தோடு ஒரு வருட டிரெயினிங் முடிகிறது. 24, 25 தாராபுரத்தில் டோர்னமென்ட். அதில் இருவரையும் இறக்கிப் பார்ப்பாராம். தேறினால் டீமில் நிரந்தரம். தேறாவிட்டால் ஆகஸ்டிலிருந்து செக்கிங் டேபிளில் பனியன் சரிபார்க்கிற வேலை. ஹாஸ்டல் கட்டில் இரண்டும் புது டெய்லர்களுக்கு.

சரிங்க என்றேன். வேறு என்ன சொல்ல. இருவரையும் கூட்டி வந்தவன் நான்.

ஜூலை 13, செவ்வாய்

மேகம். ப.மா. (பழனிச்சாமி மாஸ்டர், தினமும் முழுப்பெயர் எழுதினால் கை வலிக்கும்) வானத்தைப் பார்த்து முணுமுணுத்தார். நான் விசில் அடித்துக்கொண்டே போனேன். எட்டு மணிக்கு வெயில் வந்துவிட்டது. இப்போது அவர் விசில்.

பையன்கள் இருவரும் சந்துக்குள் பந்தை உருட்டிக்கொண்டு போவதைப் பார்க்கக் கண் நிறைகிறது. பந்து ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் விலகுவதில்லை. துணியின் நுனி காற்றுக்குத் தரையைக் கூட்டுகிறது, அதில்கூடப் படுவதில்லை. பட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். வெள்ளையில் செம்மண் கறை. கறை வைத்தவனே துணியை உருவித் தொட்டிக்குச் சுமக்க வேண்டும். கூடவே ப.மா.வின் அரைமணிப் பேச்சு. கெட்ட வார்த்தை ஒன்று வராது. 'ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல வெள்ளத்துணியே பாத்ததில்லீங்களா' என்று மரியாதையாகவே கொல்வார்.

ஒரு வருடக் கறைக் கணக்கு: மணி 2. செல்வின் 0. நான் 5.

ஜூலை 15, வியாழன்

தூறல், பிறகு ஒன்றுமில்லை.

வாங்க: டேப் 6, எலுமிச்சை, குளுக்கோஸ், விசிலுக்குக் கயிறு, வீட்டுக்காரி சரசுவுக்கு மாத்திரை (மறந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம்).

டோர்னமென்ட் பனியன் சாம்பிள் செக்‌ஷனிலிருந்து வந்தது. ஏதோ ஆர்டரில் மிஞ்சிய துணி. கத்தரிப்பூ நிறம். அளவு ஐரோப்பிய அளவு. மணி போட்டுப் பார்த்தான். முழங்கால் வரை வந்தது. உள்ளே சொருகிக்கொள்ளட்டும் என்றார் சாம்பிள் ஆள். சொருகினால் மணி கர்ப்பிணி. ஹாஸ்டலே சிரித்தது. சரசு நாளைக்கு நான்கு பனியனை அளவு பிடித்துத் தைத்துத் தருவாள். சம்மதிக்க வைக்க நான் பாத்திரம் தேய்த்தேன்.

செல்வின் சிரிக்கவில்லை. பனியன் முதுகில் இருந்த நம்பர் 8-ஐ விரலால் தடவிக்கொண்டு நின்றான். இது எனக்கா, திருப்பித் தரணுமா என்று கேட்டான். டோர்னமென்ட் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. வீட்டுக்கு வந்ததிலிருந்து உறுத்துகிறது.

ஜூலை 18, ஞாயிறு

ஆடிக் காற்று தொடங்கியாச்சு.

ஞாயிறு பிளீச்சிங் லீவு. களத்தில் துணி கிடையாது. அன்றைக்குப் பயிற்சி வைக்கலாம்தான். ஆனால் எனக்கும் ஞாயிறு. பையன்களுக்குத் துவைக்கிற நாள், செல்வினுக்குச் சர்ச் (அவன் வாயில் கோயில்). ஒரு வருடமாக இதையே சொல்லிப் போர்வையை இழுத்துக்கொள்கிறேன்.

சீனியர்களுக்கு இந்தப் பாடில்லை. மாலை ஷிப்ட் முடித்துப் பள்ளி மைதானத்தில் ஆடுகிறார்கள். இவர்கள் இருவருக்கும் மாலையில் பேக்கிங்கில் வேலை. களத்துச் சந்துதான் கதி.

செல்வினின் அம்மா நினைப்பு வந்தது. கோவில்பட்டிப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. போன வருடம் பள்ளி டீமில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஒரு வருடம் பழக்கி டீமில் சேர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மா காபி கொடுத்தார். ஒங்கள நம்பித்தான் அனுப்புதேன் என்றார். மணியின் அப்பா பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். அவர் நம்பிக்கை எல்லாம் வைக்கவில்லை. ஊட்டுல இருந்தா டிவியத்தான் பாப்பான், கூட்டிட்டுப் போங்க என்றார்.

ஜூலை 21, புதன்

காற்றில் நாலாவது வரிசைத் துணி முழுசாகக் கழன்று, இன்று பயிற்சிக்கு வந்திருந்த டீம் கோல்கீப்பர் மேல் விழுந்து சுற்றிக்கொண்டது. கண் தெரியாமல் ஓடி இரண்டாவது வரிசையையும் இழுத்துக்கொண்டு போனான். ப.மா. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க நான் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். அங்கே செல்வினும் மணியும் ஏற்கெனவே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமைக்கு நான் பயப்படவில்லை. இந்த ஜில்லாவில் இவர்களிடமிருந்து பந்தைப் பிடுங்க ஆளில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூலை 24, சனி

எழுதி வைத்ததை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். புத்தி வர வேண்டாமா.

தாராபுரம். நல்ல காற்று, நல்ல மைதானம், நல்ல கூட்டம். 0–3.

நாலு டீம். இன்று தோற்றவர்களுக்கு நாளை மூன்றாம் இடத்துக்கு ஒரு மேட்ச். அவ்வளவுதான் மிச்சம்.

நடந்தது இது. பந்து மணிக்கு வந்தது. நேராக ஓடினான். ஒருவன், இருவர், மூவரைத் தாண்டினான். கூட்டம் கைதட்டியது. பத்தடி தள்ளி செல்வின் தனியாக, கோலுக்கு எதிரே, ஆளே இல்லாமல். மணி திரும்பவே இல்லை. கோட்டுக்கு வெளியே ஓடி நின்றான். அடுத்து செல்வின். அவனும் அதே மாதிரி, நூல் பிடித்ததுபோல் நேராக. இடது பக்கம் இரண்டு சீனியர்கள் கத்துகிறார்கள். குறுக்கே ஒரு பாஸ் இல்லை. முதல் பாதி முழுக்க இந்தக் கூத்து. எதிர் டீமுக்குப் புரிந்துபோய்விட்டது. ஒவ்வொருவன் எதிரிலும் ஆளை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

பின்னால் கூட்டத்தில் ஒருவர்: 'பசங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லீங்களாட்ட இருக்குது.'

இடைவேளையில் செல்வினைப் பிடித்துக் கேட்டேன். மணி பக்கத்தில்தானே நின்றான், ஏன் கொடுக்கவில்லை?

'குறுக்க அடிச்சா துணியில படும்லா சார்' என்றான்.

சொல்லிவிட்டு மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். மணியும் பார்த்தான். நானும் பார்த்தேன். பச்சைப் புல். ஒரு துணி இல்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. போன வருடம் நான் பார்த்த செல்வின் குறுக்கே பாஸ் கொடுத்துத்தான் நாலு கோல் போட வைத்தான். அதைப் பார்த்துத்தான் கூட்டி வந்தேன். கூட்டி வந்து, சந்துக்குள் விட்டு, கறை படாதவன் கெட்டிக்காரன் என்று சொல்லிச் சொல்லி நானே அதை மறக்கடித்திருக்கிறேன். மணிக்குப் பாவம், ஹாக்கி என்றாலே எட்டடி அகலம்தான் தெரியும்.

இரண்டாம் பாதியில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி நேராகவே ஓடினார்கள். உடம்பு கேட்க வேண்டாமா.

மேட்ச் முடிந்ததும் முதலாளி. அவர் கோபத்திலும் மரியாதை குறையாது. திங்கட்கிழமை இருவரையும் செக்கிங்குக்கு அனுப்பிவிடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துணி, சந்து, கறை, என் ஞாயிற்றுக்கிழமைப் போர்வை உட்பட.

'தப்பு பசங்க மேல இல்லீங்க. நான் பழக்குனதுங்க.'

கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அப்புறம், 'நாளைக்கும் ஒரு மேட்ச் இருக்குதில்லீங்க. வந்து பாக்கறேன்' என்றார்.

வேனில் ஏறினோம். மணி மட்டும் வாங்கிய முறுக்கை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே இருந்தான். ஒருவரும் எடுக்கவில்லை. நான் ஒன்று எடுத்தேன்.

ஜூலை 25, ஞாயிறு

வெயில். இன்றைக்கு இந்த வெயில் எனக்கும் வேண்டும்.

ஐந்தரைக்கே ஹாஸ்டல் கதவைத் தட்டினேன். செல்வின் கோயிலுக்குக் குளித்துக் கிளம்பி நின்றான். சாமிகிட்ட சாயங்காலம் சொல்லிக்கிடுதேன் என்று ஷூ மாட்டினான்.

களத்தில் வெறும் கம்பி. குறுக்கே அடியுங்கள் என்றேன். துணியே இல்லாத கம்பிக்கு அடியில் பந்தை விட இருவருக்கும் கை வரவில்லை. மணி ஓங்கிவிட்டு, கடைசியில் மெதுவாகத் தொட்டு நிறுத்தினான். பத்து முறை. நான் கத்தினேன், கெஞ்சினேன், காட்டினேன். என் பாஸும் கம்பிக் கம்பத்தில் பட்டது வேறு விஷயம்.

சத்தம் கேட்டு ப.மா. பல்குச்சியோடு வந்தார். களத்தின் ஓரத்தில்தான் அவர் குடியிருப்பு. நேற்றைய சங்கதியைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நேரே குடோனுக்குள் போனார். ஒரு சுமை வெள்ளைத் துணியோடு வந்தார். ஓட்டை விழுந்து கழித்த துணி, ஆனாலும் வெளுத்து வெள்ளை வெளேர். இரண்டு பையன்களுக்கும் நடுவிலிருந்த கம்பியில் தானே விரித்துப் போட்டார். தரை தொட இழுத்துவிட்டார்.

'இதுல அடி கண்ணு. அழுக்கானா தொவைக்கறது நாந்தானே. அடி.'

செல்வின் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அடித்தான். துணியின் நடுவில் தட்டு அளவு செம்மண். ப.மா. இன்னொன்று என்றார். மணி அடித்தான். அப்புறம் இருவரையும் நிறுத்த முடியவில்லை. ஏழு மணிக்கு அந்தத் துணியில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது. பந்து அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்ச் சேர ஆரம்பித்தது. மூவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கூச்சல். மூன்றாமவர் ப.மா. ஒரு வருடம் அந்த மனிதரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். ப.மா. எங்களோடு வேனில் ஏறிவிட்டார்.

மேட்ச். முதல் பாதி 0–1. ஆனால் பாஸ் போகிறது. தப்புத் தப்பாக, எதிராளிக்கே கூடப் போகிறது. போகட்டும், குறுக்கே போகிறதே.

இரண்டாம் பாதியில் சீனியர் ஒருவர் பெனால்டி கார்னரில் 1–1. முடிய ஆறு நிமிடம் இருக்கும். மணி வலது ஓரத்தில் ஓடுகிறான். ஒருவன், இருவர். மூன்றாமவன் வழியை மறித்து நிற்கிறான். மணி தலையைத் தூக்கினான். மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஒரே அடி. செல்வின் அங்கே இருந்தான். தொட்டான். கோல்.

2–1. மூன்றாம் இடம். கோப்பை ஒரு டம்ளர் உயரம். வரும்போது மணி அதில் தண்ணீர் குடித்தான்.

அழுதேன். காற்றில் மண் விழுந்தது என்று ப.மா.விடம் சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்தபடி, ஆமாங்க நல்ல காத்துங்க என்றார்.

முதலாளி எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். அதுதான் தூக்கம் பிடிக்க விடாது.

ஜூலை 26, திங்கள்

மேகம், காற்று. எட்டரைக்கு முதலாளி அறையில் நானும் பையன்களும். அவர் போனில் ஏதோ டெலிவரி விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். போனை வைக்காமலே ஒரு தாளை என் பக்கம் தள்ளிக் கையால் போகச் சொன்னார். இருவரையும் டீமில் எடுத்துக்கொள்ள ஆர்டர். அவ்வளவுதான். ஒரு வருடப் பாடு, அரை நிமிடம்.

டைம் ஆபீஸ். கிளார்க் புது அடையாள அட்டை எழுதினார். பழைய அட்டையில் இருவருக்கும் 'ஹெல்பர்' என்று இருந்தது. இப்போது என்ன போட என்று என்னைக் கேட்டார். ஹாக்கி பிளேயர் என்று போடச் சொன்னேன். அப்படி ஒரு வேலையே லிஸ்டில் இல்லையே என்றார். எழுதுங்க என்றேன். எழுதினார்.

மணி உடனே பல்லடத்துக்குப் போன் பண்ண எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிவிட்டான். செல்வின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஊருக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

'அம்மாகிட்ட போன வருசமே சொல்லிட்டேன் சார், டீம்ல எடுத்துட்டாங்கன்னு. தெனமும் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.'

ஒரு ஜெராக்ஸ் எடுத்து அம்மாவுக்கு அனுப்பு என்றேன். அட்டையில் இருக்கும் தேதி தெரியாதபடி மடித்து எடுக்கலாமா சார் என்று கேட்டான். மடித்தே எடுக்கச் சொன்னேன்.