இரண்டு தட்டு குறைந்த பாட்டு

வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளவத்தை

நாங்கள் பைத்தியமாய்க் கேட்ட அமெரிக்க பொப்-பங்க் ரொக் இசைக்குழு தன் பழைய பாட்டுகளைப் புதிதாகப் பதிந்து இன்று வெளியிட்டிருக்கிறது. பள்ளிக்கூட நாளில் எங்கள் இசைக்குழு அந்தப் பாட்டுகளைக் கீறல் விழுந்த ஒரு சிடியில் கேட்டுத்தான் பழகியது. மூன்றாம் பாட்டில் சிடி துள்ளி, டிரம்மின் இரண்டு தட்டு காணாமல் போகும். பாட்டே அப்படித்தான் என்று நம்பி எங்கள் டிரம்மர் அன்ரன் அவற்றை விட்டுவிட்டு அடிப்பான். பிறகு சரியான பாட்டைக் கேட்டும் அவன் மாற்றவில்லை.

மாலையில் கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் ரயிலில் புதுப் பதிவைக் கேட்டேன். அதே இடத்தில் அதே இரண்டு தட்டு இல்லை. அமெரிக்காக்காரனுக்கு எங்கள் கீறல் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அன்ரனின் அக்காவுக்கு போன் எடுத்தேன்.

“அக்கா, அந்த சிடி உங்களிட்டயா இருக்கு?”

“என்ன தம்பி, மறந்திட்டியே? அடக்கம் செய்யேக்க அவன்ர பெட்டிக்குள்ள நீதானே வைச்சனி.”

ஓம், நான்தான் வைத்தேன்.

சற்று முன் பாட்டைத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை அந்த இடம் வெறுமையாக இல்லை. பெட்டிப் பலகையில் இரண்டு தட்டு கேட்டது, உள்ளேயிருந்து.